அக்காவின் காலுக்கு ஒரு பந்து

மார்ச் 3, செவ்வாய்

புதிய நோட்டு. எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

1. அக்காவின் இடது கால். பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, கை பெரும்பாலும் திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை.
2. ஏப்ரல் 18. அன்று அக்காவின் மகள் வருகிறாள். கட்டிலிலிருந்து குளியலறை வரை யாரும் பிடிக்காமல், வாக்கரை மட்டும் வைத்துக்கொண்டு அக்கா நடந்து காட்டினால் இங்கேயே என்னோடு இருப்பாள். இல்லையென்றால் மகள் வசிக்கும் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போவாள்.
3. பந்து. தினமும் இருபது முறை அக்காவின் இடது காலுக்கு உருட்டுவேன். எத்தனை முறை நிறுத்துகிறாள் என்று குறித்துவைப்பேன். அந்த எண் ஏறினால் கால் தேறுகிறது என்று பொருள்.
4. என் பயங்களைப் பற்றி எழுதக் கூடாது.

நான்காவதை இப்போதே மீறுகிறேன். கடையில் கால்பந்து கேட்கவே கூச்சமாக இருந்தது. "பேரனுக்கா சார்?" என்றார் கடைக்காரர். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். "எத்தன வயசு?" என்றார். "எட்டு" என்றேன். எழுபத்தொரு வயதில், கல்யாணமே செய்துகொள்ளாத நான், எட்டு வயதுப் பேரனுக்குப் பந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பந்து என்பது பிசியோதெரபி செய்யும் பெண்ணின் யோசனை. வாரத்துக்கு ஒரு நாள் வருகிறாள். அவள் கொடுத்த ரப்பர் பட்டையை அக்கா ஜன்னல் கம்பியில் கட்டித் துண்டு காயப்போட்டிருக்கிறாள். வேறு எந்தப் பயிற்சிக்கும் மசியவில்லை. "காலேஜ்ல ஃபுட்பால் ஆடினாங்கன்னு சொன்னீங்கல்ல? வாக்கரைப் பிடிச்சு நிக்க வச்சுப் பந்தை உருட்டிப் பாருங்க. பந்துக்காகவாவது கால் நகரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 4, புதன்

இருபதுக்கு மூன்று.

இது முழு உண்மை இல்லை. நான் உருட்டிய இருபதில் எட்டு சுவருக்குப் போயிற்று. ஒன்று கட்டிலுக்கு அடியில். ஒன்று மருந்து அலமாரியில் மோதி இருமல் மருந்துப் புட்டியைக் கவிழ்த்தது. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகும் கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய் கணக்கு. நீ அனுப்புறது பந்து இல்லடா, வதந்தி. எங்க போய்ச் சேரும்னு யாருக்கும் தெரியாது."

கணக்கு என்பது நான். அக்கா கல்லூரி அணியில் இடது ஓரத்தில் ஆடியபோது நான் பள்ளி மாணவன். மைதானத்தின் விளிம்பில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். எத்தனை முறை பந்தைத் தொட்டாள், எத்தனை முறை பறிகொடுத்தாள் என்று கோடு போடுவேன். அக்கா ஆடுவாள், நான் எண்ணுவேன். ஒரு நாள்கூடக் கோட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. பந்து என் பக்கம் வந்தால் எழுந்து வழிவிடுவேன்.

ஆறாவது உருட்டலுக்குப் பிறகு உட்கார்ந்துவிட்டாள். "ஒழுங்கா குடுக்கக் கத்துக்கிட்டு வா. அப்புறம் நிக்கிறேன். கண்டபடி வர்றதையெல்லாம் பொறுக்க எனக்கு எழுபத்தாறு வயசு."

மீதிப் பதினான்கையும் உட்கார்ந்தபடியே வாங்கினாள். அந்த மூன்றும் அப்படி வந்தவை. எண்ணில் சேர்க்கலாமா? சேர்த்துவிட்டேன். தப்போ?

மார்ச் 6, வெள்ளி

கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கைப்பேசியில் ஒரு பயிற்சியாளரின் காணொளி. "வீட்டிலேயே பத்து நிமிடம்" என்கிறார். முதல் பயிற்சி: பந்தின் மேல் உள்ளங்காலை வைத்து முன்னும் பின்னும் உருட்டுவது. இரண்டாவது: இரு பாதங்களுக்கும் நடுவே பந்தை மாறி மாறித் தட்டுவது. மூன்றாவது: சுவரில் அடித்துத் திரும்பி வருவதை நிறுத்துவது. அவருக்கு இருபது வயது இருக்கும். பந்து அவர் காலோடு பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூடத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதல் பயிற்சியைச் செய்தேன். மூன்றாவது உருட்டலில் பந்து முன்னே போயிற்று, நான் பின்னே போனேன். நாற்காலி காப்பாற்றியது. அறைக்குள்ளிருந்து அக்கா கேட்டாள், "விழுந்தியா?"

"இல்லக்கா."

"சத்தம் கேட்டுச்சே."

"நாற்காலி."

"நாற்காலி விழுந்துச்சா, அது மேல நீ விழுந்தியா?"

மார்ச் 9, திங்கள்

கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. மேல யானைக்குட்டி ஏதாவது வளக்குறீங்களா?"

மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது முறை அவருக்கே சங்கடமாகிவிட்டது. அவர் மனைவிதான் காலையும் மாலையும் வந்து அக்காவைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டுப் போகிறவர். அந்த நன்றியைச் சொல்லத் தொடங்கி அது நான்காவது மன்னிப்பாக முடிந்தது. சுவரோரம் இரண்டு கம்பளிகளை மடித்துப் போட்டிருக்கிறேன். செருப்பில்லாமல், காலுறை மட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா தன் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தச் சொன்னாள். காற்றுக்காக என்றாள். காற்றுக்காக இல்லை.

மார்ச் 12, வியாழன்

காலை பத்து மணியிலிருந்து பத்தரை வரை என் பயிற்சி. அக்கா கட்டிலில் சாய்ந்துகொண்டு திட்டுகிறாள்.

"முட்டிய மடக்கு. தந்திக்கம்பம் மாதிரி நிக்காதே."

"பந்தையே குனிஞ்சு பாக்காதடா, காசு தொலைச்சவன் மாதிரி. எங்க அனுப்பணுமோ அங்க பாரு."

பிறகு ஒன்று சொன்னாள், காணொளியில் இல்லாதது. "ஊனியிருக்கிற கால் எங்க பாக்குதோ, பந்து அங்கதான் போகும். உதைக்கிற காலைப் பத்திக் கவலைப்படாதே. நிக்கிற காலை சரியா வை."

அப்படியே செய்தேன். இடது பாதத்தைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை நோக்கி வைத்து, வலது பாதத்தின் உட்பக்கத்தால் தள்ளினேன். காகிதத்தில் பட்டது. மறுபடியும் பட்டது.

பிறகு அக்கா எழுந்து நின்றாள். இருபதுக்கு ஐந்து. எல்லாமே நின்றபடி.

மார்ச் 16, திங்கள்

ஏழு.

மார்ச் 17, செவ்வாய்

ஆறு. ஏன் குறைந்தது? வெயிலா, தூக்கமின்மையா, காலை மாத்திரை தாமதமா? மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

பிசியோ பெண் வந்தாள். தன் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை, ஊருக்குப் போகிறாளாம், ஏறக்குறைய நான்கு வாரம் வர முடியாது. வேறொருவரை அனுப்பட்டுமா என்றாள். அக்கா, "இவளைப் பழக்கினதே பெரும்பாடு" என்று மறுத்துவிட்டாள். "அப்ப நான் வர்ற வரைக்கும் தனியா மட்டும் நடக்க விடாதீங்க ஐயா. பந்தை விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் அட்டவணையைக் காட்ட நினைத்தேன். அவள் அவசரத்தில் இருந்தாள். காட்டவில்லை.

இன்று ஒன்பது.

மார்ச் 24, செவ்வாய்

ஆறு டம்ளர்களைக் கூடத்தில் வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே பந்தை ஓட்டிப் பழகுகிறேன். முதல் நாள் ஆறையும் கவிழ்த்தேன். இன்று இரண்டு. பாதத்தின் வெளிப்பக்கத்தால் தட்டும்போது கணுக்கால் ஒத்துழைப்பதில்லை. இதற்கும் அக்காவின் காலுக்கும் என்ன தொடர்பு என்று தெரியாது. அக்கா வைக்கச் சொன்னாள், வைத்தேன்.

தையல்காரரின் மனைவி துண்டோடு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார் நடையே மாறிப்போச்சு."

"அவன் நடக்கவே இப்பத்தானே கத்துக்கிறான்" என்றாள் அக்கா.

பதினொன்று.

மார்ச் 28, சனி

பன்னிரண்டு. வரைபடத் தாளில் புள்ளிகள் வைத்துக் கோடு இழுத்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எதுவானாலும் என் மேசைக்கு வந்து முத்திரை வாங்கித்தான் போகும். இவ்வளவு சீராக ஏறும் கோட்டை அங்கே பார்த்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கே சந்தோஷப்படுகிறேன்.

சந்தோஷப்பட்டால் என்ன?

ஏப்ரல் 2, வியாழன்

கட்டில் கூடத்துக்கு வந்துவிட்டதால் குளியலறைக்குத் தூரம் மாறியிருக்கும் என்று டேப் வைத்து அளந்தேன். ஐந்து மீட்டர் நாற்பது. அக்காவின் அடிக்குப் பதினொன்று வரலாம்.

அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே கை நீட்டி நின்றால், நான்கு அடி நடந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். அது தனியாக நடப்பது ஆகாது. அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிசியோ பெண் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

சாக்கு என்று ஏன் எழுதினேன்?

பதினைந்து.

ஏப்ரல் 6, திங்கள்

மகள் தொலைபேசியில். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மா எப்படி இருக்காங்க மாமா? உண்மையச் சொல்லுங்க."

"இருபதுக்கு பதினாறும்மா."

"என்னது?"

விளக்கினேன். "மாமா, பந்தெல்லாம் சரி. பாத்ரூம் போறாங்களா?"

"அதுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்ல" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து.

மகளைக் குறைசொல்ல முடியாது. பிப்ரவரியில் அக்கா குளியலறை வாசலில் விழுந்தபோது என்னால் தூக்க முடியவில்லை. தையல்காரர் கடையிலிருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பதினெட்டு.

எண்ணைவிடப் பெரியது ஒன்று நடந்தது. பதினாறாவது பந்தை அக்கா உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தி, அப்படியே எனக்குத் தள்ளினாள். நான் நிறுத்தினேன். திருப்பி அனுப்பினேன். அவள் தள்ளினாள். இப்படி ஏழு முறை. பந்து எங்கள் இருவருக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல் போய்வந்தது. கீழே தையல் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும்.

எட்டாவதில் நான் எண்ணுவதை மறந்துவிட்டேன்.

"பரவாயில்லடா" என்றாள் அக்கா. "உன்னை ரிசர்வ்ல உக்கார வைக்கலாம்."

ஏப்ரல் 13, திங்கள்

பத்தொன்பது. மகள் அனுப்பியிருந்த இல்லம் பற்றிய தாள்களை அலமாரியில் பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.

ஏப்ரல் 15, புதன்

பிசியோ பெண் திரும்பிவிட்டாள். அட்டவணையையும் வரைபடத்தையும் முன்கூட்டியே மேசைமேல் விரித்துவைத்திருந்தேன். செய்துகாட்டினோம். இருபதுக்குப் பத்தொன்பது. பாராட்டுக்குக் காத்திருக்கும் மாணவனைப்போல் நின்றேன்.

அவள் அக்காவின் காலைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று பந்தை வாங்கிக்கொண்டாள். அக்காவின் இடது பாதத்திலிருந்து ஒரு சாண் தள்ளி மெதுவாக உருட்டினாள். அக்காவின் கால் நகரவில்லை. பந்து பக்கத்தில் கடந்து போயிற்று. மறுபடியும் ஒரு சாண். போயிற்று. இருபது முறை. என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு.

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஐயா, நீங்க ரொம்ப நல்லா கத்துக்கிட்டீங்க. பந்து நேரா அம்மா காலுக்கே போய் நிக்குது. அவங்க நகரவே வேண்டியதில்ல. பாதத்தைக் கொஞ்சம் தூக்கி வச்சா போதும்."

வரைபடத் தாளை நான் மடித்தேன். இரண்டாக, நான்காக, எட்டாக.

முதல் நாள் வேலையிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தது: ஒன்றை அளக்கும்போது அளக்கும் கருவி மாறக் கூடாது. மாறினால் அளவு செல்லாது. முப்பத்தைந்து ஆண்டுகள் இதைப் புதியவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆறு வாரம் கருவியைத் தினமும் அரைமணி நேரம் தீட்டிவிட்டு, அதைக் கொண்டே அளந்திருக்கிறேன். மாத்திரைக்கு ஒரு பத்தி, வெயிலுக்கு ஒரு பத்தி, தூக்கத்துக்கு ஒரு பத்தி. எனக்கு ஒரு பத்தி போடவில்லை.

நான் தாறுமாறாகவே உருட்டியிருந்தால் –

ஏப்ரல் 16, வியாழன்

இரண்டு நாளில் என்ன செய்ய முடியும்? முயன்றேன். வேண்டுமென்றே ஒரு சாண் தள்ளி உருட்டப் பார்த்தேன். என் கால் கேட்கவில்லை. நிற்கிற பாதம் தானாகவே அக்காவின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஐந்தாறு பந்து அவள் காலுக்கே போய்விட்டது. அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

தள்ளிப் போன பந்துகளில் ஒன்றுதான் எட்டினாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

கேட்டுவிட்டேன். எழுபத்தொரு வயதில் நான் நேருக்கு நேராகக் கேட்ட கேள்விகள் மிகக் குறைவு.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"என்னது?"

"கால் வரலைன்னு."

ஜன்னல் கம்பியில் கட்டிய பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கால் எனக்குத் தெரியாதாடா."

"ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பேன்ல. ஆறு வாரம்க்கா. ஆறு வாரம் வீணாப் போச்சே."

"மொத வாரம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீ அந்தக் காகிதத்துல ரெண்டு தடவை அடிச்சே பாரு. உன் மூஞ்சியப் பாத்தேன்." அசதியானால் உதட்டின் இடது ஓரம் இன்னும் சரியாக மூடுவதில்லை. "எங்கூட ஆட ஒரு ஆள் கெடைச்சு அம்பது வருஷம் ஆச்சுடா. தள்ளிப் போடச் சொல்லி அதை யாரு கெடுத்துக்குவா."

"போக வேண்டியிருக்குமேக்கா."

"தெரியும்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. உன்னை மாதிரி அதை நோட்டுல எழுதி வைக்கல, அவ்வளவுதான்."

ஏப்ரல் 18, சனி

மகள் காலையில் வந்தாள். அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பதுபோல். பிறகு குளியலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அக்கா வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

நான்கு அடி. ஐந்தாவதில் இடது கால் தரையைவிட்டு எழவே இல்லை. மகள் ஓடிவந்து தாங்கினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் என்னோடு தனியாகப் பேசினாள். அழுதாள். "உங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துக்க எனக்குத் தெம்பு இல்ல மாமா. என் வீட்டுல இடமும் இல்ல. அங்க தினமும் பயிற்சி குடுப்பாங்க, ஆள் இருக்கு. உங்க மேல கோபமில்ல."

அவள் கோபப்பட்டே இருக்கலாம். நான் அட்டவணையைக் காட்டி, தப்பு என்னுடையது, அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரம் கொடு, என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரிம்மா" என்றேன்.

ஏப்ரல் 22, புதன்

பத்து மணிக்குக் கார். தையல்காரரும் ஓட்டுநரும் நாற்காலியோடு தூக்கிப் படி இறக்கினார்கள். நான் வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தையல்காரரின் மனைவி அக்காவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

"பந்தை எடுத்து வச்சிருக்கேன்க்கா, டிக்கியில."

"எடு வெளிய. அது உனக்கு." கார் கதவை மகள் சாத்தப் போனாள். அக்கா வலது கையால் தடுத்தாள். "தெனமும் பத்து மணிக்கு. நான் இல்லன்னு நிறுத்திடாதே. என்ன?"

"சரிக்கா."

"இடது காலாலயும் பழகு. ஒத்தக் காலை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

பயிற்சி செய்யவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

செய்தேன். இடது கால். சுவரில் எங்கெங்கோ பட்டது. கம்பளியைப் போட மறந்துவிட்டேன். தையல்காரர் மேலே வரவில்லை. வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மே 4, திங்கள்

அக்கா பேசினாள். இல்லத்தின் தொலைபேசியில், பத்து நிமிடம்.

சாப்பாட்டில் உப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரி நாள் முழுக்க மருமகளைப் பற்றியே பேசுகிறாள். காலையில் ஒரு பணிப்பெண் வந்து பந்து உருட்டுகிறாளாம். அக்காதான் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"அவளுக்கு ஒரு எழவும் தெரியலடா. ஒண்ணு அங்க போகுது, ஒண்ணு இங்க போகுது. எட்டி எட்டித் தொடையெல்லாம் வலி."

நோட்டை எடுத்துக்கொண்டேன். "இருபதுக்கு எத்தனக்கா?"

"இங்க யாரும் எண்ணுறதில்ல."

பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல்: "நேத்து ஆறு அடி வச்சேன்."

"ஆறா?"

"ஆறு. வாக்கரைப் புடிச்சுத்தான். நீ கோடு போட்டுக்க."

வைத்த பிறகு ரொம்ப நேரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் எழுத வேண்டும். இங்கே நான்கு, என்னிடமிருந்து போன பன்னிரண்டு நாளில் ஆறு.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடித்துத் திருத்தவில்லை. அலுவலகத்திலும் தவறான அளவை நாங்கள் அழிப்பதில்லை, பக்கத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திடுவோம். எழுதினேன்:

வரிசை எண் மூன்று தவறு. அந்த எண் ஏறியபோது தேறியது என் கால்.